திறந்திருக்கும் கடைகளுக்கு நடுவே கட்டட வேலை: வணிக வளாக விரிவாக்கம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியாபாரம் நடந்துகொண்டிருக்கும் வளாகத்தில் கூடுதல் கட்டடம் எழுப்புவது, தேர் வரும் தெருவில் சாக்கடை தோண்டுவதைப் போன்றது. தேரும் நிற்கக் கூடாது. தோண்டிய குழியைப் பாதியில் மூடிவிட்டுப் போகவும் முடியாது. தமிழ்நாட்டு நகரங்களில் இரண்டு மூன்று மாடியும் முப்பது நாற்பது கடைகளும் கொண்ட காம்ப்ளக்ஸ்களில் இப்படிப்பட்ட வேலைகளை ஒருங்கிணைப்பவனாகப் பல வருடங்கள் இருந்திருக்கிறேன். உரிமையாளர், ஒப்பந்தக்காரர், கடைக்காரர் மூவருக்கும் நடுவில் நிற்பதும் மூவரிடமும் திட்டு வாங்குவதும்தான் அந்த உத்தியோகம். திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கேள்வி: எல்லாக் கடைகளையும் ஆறு மாதம் மூடிவிட்டு ஒரே மூச்சில் முடித்தால் என்ன?

ஒப்பந்தக்காரர் முதல் நாளே கேட்பது இதைத்தான். அவருக்குச் செலவு குறையும், தலைவலி இல்லை. ஆனால் ஆறு மாதத்தில் வாடிக்கையாளருக்கு வேறு கடை பழகிவிடும். மளிகை, மருந்து, தையல் எல்லாம் பழக்கத்தில் ஓடும் வியாபாரங்கள். வண்டியை எந்த மூலையில் நிறுத்துவது, எந்தப் படியில் ஏறுவது, கல்லாவில் யாரிடம் பேசுவது என்பதெல்லாம் வாடிக்கையாளரின் கால்களுக்கே தெரியும். அந்தத் தடம் ஒரு முறை அழிந்தால், பளபளக்கும் கண்ணாடி முகப்பு வைத்தாலும் மறுபடி பதிய நாளாகும். இந்த வேலையில் நான் எடுக்கும் எல்லா முடிவுக்கும் அளவுகோல் இந்தத் தடம்தான்.

கொரோனா காலத்தில், 2020 மே மாதத் தொடக்கத்தில், கோயம்பேடு சந்தையை மூடித் திருமழிசைக்கு மாற்றியது நினைவிருக்கும். காரணம் வேறு, ஆனால் பாடம் நமக்கும் பொருந்தும். மழை பெய்ததும் தற்காலிகச் சந்தை சேறாகியது, காய்கறி அழுகியது, தூரத்தை நினைத்துச் சில்லறை வியாபாரிகள் பலர் அலுத்துக்கொண்டார்கள். கோயம்பேட்டில் காய்கறிக் கடைகள் மீண்டும் திறந்தது செப்டம்பர் இறுதியில்.

மூடுவதே சரி என்று நான் சொல்லும் சந்தர்ப்பங்கள் இரண்டு உண்டு. பழைய கான்கிரீட்டைச் சோதித்துப் பார்த்ததில் தேறவில்லை என்றால் மூட வேண்டும். வளாகத்துக்கு ஒரே ஒரு படிக்கட்டு இருந்து, அதையே இடிக்க வேண்டியிருந்தாலும் மூட வேண்டும்.

கேள்வி: பக்கவாட்டில் விரிவாக்குவது நல்லதா, மேலே மாடி எழுப்புவதா?

இடம் இருந்தால் பக்கவாட்டில்தான். புதிய கட்டடத்தைத் தனியாக, அதன் சொந்த அஸ்திவாரத்தில் எழுப்பி, கூரை, தரை, மின்சாரம் எல்லாம் முடித்து, கடைசியில் நடுச்சுவரை உடைத்து இரண்டையும் இணைக்கலாம். பழைய கடைகளுக்குத் தொல்லை தருவது அந்தச் சுவர் உடைக்கும் சில நாள்கள்தான். உலகின் பெரிய வளாகங்களும் ஏறக்குறைய இப்படித்தான் வளர்ந்திருக்கின்றன. மெல்போர்னின் சாட்ஸ்டோன் 1960-ல் திறந்தது. அன்றிலிருந்து பல முறை விரிந்துகொண்டே வந்திருக்கிறது. லண்டனின் வெஸ்ட்ஃபீல்டு 2008-ல் திறந்து, பக்கத்து நிலத்தில் கட்டிய புதிய பகுதியை 2018-ல் சேர்த்துக்கொண்டது. கோலாலம்பூர் அருகே உள்ள சன்வே பிரமிட் 1997-ல் தொடங்கி 2007-ல் பெரிதாகியது.

நம் ஊர்களில் பக்கத்து மனை கிடைப்பது அபூர்வம். கிடைத்தாலும் காம்ப்ளக்ஸ் வரப்போகிறது என்று தெரிந்த அன்றே விலை ஏறிவிடும். அதனால் எல்லோரும் மேலே பார்க்கிறார்கள். மேலே எழுப்புவதில் மூன்று சிக்கல்கள். முதலாவது, எடை. அதை அடுத்த கேள்வியில் பார்ப்போம். இரண்டாவது, விதிமுறை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-ன்படி 18.30 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் அது அடுக்குமாடி உயர் கட்டட வகைக்குப் போய்விடுகிறது. பக்க இடைவெளி, சாலை அகலம், தீயணைப்பு ஏற்பாடு எல்லாவற்றுக்கும் கணக்கு மாறும். ஒரு மாடி ஆசையில் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டு, பிறகு பக்க இடைவெளிக்கு எங்கே போவது என்று விழித்தவர்கள் உண்டு. பரப்பு கூடினால் வாகன நிறுத்தமும் கூட வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

மூன்றாவது, தண்ணீர். மொட்டை மாடித் தளத்தை உடைத்துவிட்டால், மேல்தளம் போட்டு முடிக்கும் வரை கீழே இருக்கும் கடைக்குக் கூரை இல்லாத நிலைதான். துணிக்கடை என்றால் ஒரு மழை போதும்.

கேள்வி: பழைய கட்டடம் தாங்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மேஸ்திரி தூணைத் தட்டிப் பார்த்துச் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் பழைய வரைபடங்களைப் பார்க்க வேண்டும். அவை கிடைக்காவிட்டால், பெரும்பாலும் கிடைப்பதில்லை, தூண்களில் சோதனை நடத்த வேண்டும். சுத்தியல் போன்ற கருவியால் மேற்பரப்பின் கடினத்தைப் பார்ப்பது ஒரு வகை. உருளை வடிவில் கான்கிரீட்டைக் குடைந்தெடுத்து ஆய்வகத்தில் நசுக்கிப் பார்ப்பது இன்னொரு வகை, நம்பகமானது இதுதான். அஸ்திவாரத்தை ஓரிரு இடங்களில் தோண்டியும் பார்க்க வேண்டும்.

சென்னைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிலநடுக்க வடிவமைப்புக்கான இந்தியத் தரநிலை 2002-ல் திருத்தப்பட்டபோது சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. அதற்கு முன் கட்டிய கட்டடம் அன்றைய கணக்குக்குச் சரியாக இருந்தாலும், மேலே மாடி ஏற்றும்போது புதிய கணக்குதான் செல்லும். தூண்களைச் சுற்றிக் கம்பி கட்டிக் கான்கிரீட் உறை போட வேண்டியிருக்கலாம். அப்போது தூண் தடிக்கும். கடைக்குள் ஒவ்வொரு தூணைச் சுற்றியும் அரை அடி, முக்கால் அடி இடம் போகும். சிறிய கடைக்கு அது ஒரு முழு அலமாரி. இதை முன்கூட்டிச் சொல்லாமல் விட்டதால் வந்த சண்டைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பக்கவாட்டில் கட்டும்போது, பழைய அஸ்திவாரத்துக்கு அருகில் ஆழமாகத் தோண்டுவதுதான் ஆபத்து. பைல் என்பது நிலத்துக்குள் ஆழமாக இறங்கும் அஸ்திவாரத் தூண். அடித்து இறக்கும் பைலைத் தவிர்த்து, துளையிட்டு வார்க்கும் பைலைக் கேளுங்கள். அதிர்வு மிகக் குறைவு. பழைய சுவரின் விரிசல்கள் மேல் சிறிய கண்ணாடிச் சில்லுகளை ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். சுவர் நகர்ந்தால் சில்லு உடையும். செலவு சில நூறு ரூபாய். வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு கடையின் சுவர், தரை, கூரையைத் தேதியோடு படம் எடுத்து இரு தரப்பும் கையெழுத்திட்டு வைத்துக்கொண்டால், "இந்த விரிசல் போன வருடமே இருந்தது" என்ற வாக்குவாதத்துக்கே இடமிருக்காது.

கேள்வி: வேலையை எந்த வரிசையில் செய்வது?

இடிப்பதற்கு முன் மாற்று. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். புதிய படிக்கட்டு பயன்பாட்டுக்கு வந்த பிறகே பழைய படிக்கட்டில் கை வைக்க வேண்டும். கழிப்பறை, லிஃப்ட், மின்சாரப் பலகை, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றுக்கும் இதுதான். உரிமையாளர்கள் வாடகை வரும் கடைகளை முதலில் கட்டிவிட்டு, படிக்கட்டையும் கழிப்பறையையும் கடைசிக்குத் தள்ள விரும்புவார்கள். பண வரவு ஆசை புரிகிறது. ஆனால் இருக்கும் நாற்பது கடையின் வாடகை நின்றுவிட்டால் புதிய பத்துக் கடையின் வாடகை எதற்கு ஈடாகும்?

அதிகம் மறக்கப்படுவது வாகன நிறுத்தம். சிமெண்ட், கம்பி, சென்ட்ரிங் பலகை, தொழிலாளர் கொட்டகை எல்லாம் போய் இறங்கும் இடம் அதுதான். மூன்றாம் நாளே வாடிக்கையாளர் இரண்டு சக்கர வண்டியை நிறுத்த இடமின்றித் திரும்பிப் போவார். பொருள்களை வெளியே வேறு மனையில் இறக்கி, அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். லாரி வாடகை கூடும். கூடட்டும்.

கேள்வி: எந்த மாதத்தில் தொடங்குவது நல்லது?

நாள்காட்டியை விரித்து முதலில் தொடக் கூடாத நாள்களை வட்டமிடுங்கள். தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதம், பொங்கலுக்கு முந்தைய இரண்டு வாரம், நகைக்கடை இருந்தால் அட்சய திருதியை, புத்தகம் காலணி விற்பவர்கள் இருந்தால் ஜூன் பள்ளித் திறப்பு. ஆடி மாதம் ஒரு காலத்தில் ஈ ஓட்டும் மாதம். தள்ளுபடி விற்பனை வந்த பிறகு அதுவும் கூட்ட மாதமாகிவிட்டது. இல்லையென்றால் இந்த வேலைக்கென்றே அமைந்த மாதம் அதுதான்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். தீபாவளியும் அதே சமயம். ஆகவே பழைய கூரையும் புதிய கூரையும் சேரும் இடத்தை செப்டம்பருக்குள் முடித்து, தண்ணீர் தேக்கிச் சோதித்துவிட வேண்டும். இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில் விடும் இடைவெளிதான் எந்த வளாகத்திலும் முதலில் ஒழுகும். இரண்டும் வெயிலில் தனித்தனியாக விரிந்து சுருங்கும் என்பதால் அங்கே வெறும் சிமெண்ட் பூச்சு நிற்காது. நெகிழும் தன்மையுள்ள அடைப்பும் மேலே தகடும் வேண்டும். என் கணிப்பில், ஜனவரி இறுதியில் பைல் வேலையைத் தொடங்கி, கோடையில் கான்கிரீட்டை முடிப்பது உத்தமம்.

கேள்வி: இரவில் மட்டும் வேலை செய்தால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

பாதி தீரும். சத்த மாசு விதிகள், 2000-ன்படி வணிகப் பகுதியில் பகலில் 65 டெசிபல், இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை 55 டெசிபல் வரம்பு. பின்னால் வீடுகள் இருந்தால் குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு இன்னும் குறைவு. கான்கிரீட் உடைக்கும் இயந்திரம் இவற்றையெல்லாம் எளிதாகத் தாண்டும். இன்னொரு பக்கம், நகரின் முக்கியச் சாலைகளில் கனரக லாரிகளுக்குப் பகலில் கட்டுப்பாடு இருப்பதால், கான்கிரீட் லாரி இரவில்தான் வரும்.

நடைமுறையில் நான் வகுக்கும் நேரம் இது: காலை ஆறு முதல் பத்து வரை உடைப்பது, துளையிடுவது. பத்துக்கு மேல் கம்பி கட்டுவது, பலகை அடைப்பது, பூச்சு. இரவில் பொருள் இறக்குவது, இடிபாடு அள்ளுவது. போணி ஆகும் நேரத்தில் இடி முழக்கம் கேட்டால் எந்தக் கடைக்காரருக்கும் அன்றைய நாளே கசந்துவிடும். அதில் மூடநம்பிக்கை கொஞ்சம் இருக்கலாம். மரியாதை கொடுப்பதில் நட்டமில்லை. முடிந்த இடங்களில் உடைப்பதற்குப் பதில் வைரத் துகள் பதித்த கம்பியால் அறுக்கச் சொல்லுங்கள். விலை கூடுதல், ஆனால் அதிர்வும் தூசியும் வெகுவாகக் குறையும்.

கேள்வி: தூசியை எப்படித் தடுப்பது?

பச்சை வலை தூசியைத் தடுக்காது. அது மேலிருந்து விழும் கல்லைத் தடுக்கவே. கடைக்கும் வேலையிடத்துக்கும் நடுவில் தரை முதல் கூரை வரை, விளிம்புகளில் நாடா ஒட்டிய தடுப்புச் சுவர் வேண்டும். ஜிப்சம் பலகை போதும். வேலையிடத்தின் காற்றை மின்விசிறி வைத்து வெளியே தள்ளினால், இடுக்குகள் வழியாகக் காற்று கடையிலிருந்து அங்கே போகும். தூசி எதிர்த் திசையில் வராது. மைய ஏசி இருந்தால், வேலையிடத்துக் காற்றை இழுக்கும் வாய்களை முதலில் அடையுங்கள். ஒரு வளாகத்தில் இதை மறந்துவிட்டு இரண்டாம் மாடியில் தரை அறுத்தார்கள். அரை மணி நேரத்தில் கீழ்த்தளப் பட்டுப் புடவைகள் எல்லாம் சாம்பல் பூத்துவிட்டன. அந்த நட்ட ஈடு, தடுப்புக்கு ஆகியிருக்கக்கூடிய செலவைப் போலப் பல மடங்கு.

கேள்வி: தீ விபத்து பயம் நியாயமானதா?

மிகவும் நியாயமானது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

2017 மே 31 அதிகாலையில் தியாகராய நகரில் தி சென்னை சில்க்ஸ் கட்டடத்தில் பிடித்த தீ ஒரு நாளைக்கும் மேலாக எரிந்தது. கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து, பிறகு முழுவதையும் இடிக்க நேர்ந்தது. அக்கம்பக்கத்துக் கடைகளும் நாள்கணக்கில் மூடிக் கிடந்தன. அது விரிவாக்க வேலையால் வந்த தீ அல்ல. ஆனால் துணி நிறைந்த கட்டடம் எரியத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு உஸ்மான் சாலையே சாட்சி.

கட்டட வேலை நடக்கும்போது அந்த ஆபத்து கூடுவதற்குக் காரணங்கள் உண்டு. வெல்டிங் பொறி பறக்கும். தற்காலிக வயர்கள் தொங்கும். தூசியில் தவறாக மணியடிக்கிறது என்று புகை உணரிகளைப் பாலித்தீனால் மூடிவிடுவார்கள். மாலையில் அவிழ்க்க மறந்துவிடுவார்கள். குழாய் மாற்றுவதற்காகத் தீயணைக்கும் தெளிப்பான்களின் தண்ணீரை நிறுத்தியிருப்பார்கள். சிமெண்ட் மூட்டைகள் அவசர வழியை அடைத்திருக்கும்.

ஆகவே, வெல்டிங்குக்கும் கேஸ் கட்டிங்குக்கும் ஒவ்வொரு நாளும் எழுத்தில் அனுமதி வேண்டும். வேலை முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் தீயணைப்பானோடு ஓர் ஆள் அங்கேயே இருக்க வேண்டும், ஏனென்றால் பஞ்சிலும் அட்டையிலும் விழுந்த பொறி சத்தமில்லாமல் கனன்றுகொண்டிருக்கும். தடுப்புக்குப் பிளைவுட், ஃப்ளெக்ஸ், சாக்கு வேண்டாம். எந்த உணரி மூடப்பட்டது, எப்போது திறக்கப்பட்டது என்று காவலாளியிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். வெளியேறும் வழிக்கான தூரத்தை ஒவ்வொரு கட்டத்திலும் அளந்து பாருங்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பு கடைகளுக்குப் பொதுவாகச் சொல்வது 30 மீட்டர். ஒரு தடுப்பை இடம் மாற்றினாலே அது ஐம்பதாகிவிடும்.

கேள்வி: வேலை நடக்கும் காலத்தில் வாடகையைக் குறைக்கச் சொல்லலாமா?

கேட்கலாம், கேட்க வேண்டும். 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 108-வது பிரிவின்படி, வாடகையை ஒழுங்காகக் கொடுத்து நிபந்தனைகளை நிறைவேற்றும் குத்தகைதாரர் இடையூறின்றி இடத்தை அனுபவிக்க உரிமை உள்ளவர். ஆனால் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நீதிமன்றம் போய் வருவதற்குள் வளாகம் கட்டி முடித்துத் திறப்பு விழாவே நடந்துவிடும். முன்கூட்டி உடன்பாடு எழுதிக்கொள்வதே உதவும்.

எதை அடிப்படையாக வைப்பது என்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். "வியாபாரம் பாதியாகிவிட்டது" என்பார் கடைக்காரர். "எனக்கென்ன தெரியும்" என்பார் உரிமையாளர். கடைக்காரரின் ஜிஎஸ்டி விற்பனைக் கணக்கைப் பொது ஆதாரமாக ஏற்றுக்கொள்ளலாம். கல்லாவில் சொல்வதும் கணக்கில் காட்டுவதும் வேறாக இருப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நெளிவார்கள். அது அவர்கள் பாடு. மாதத்தோடு மாதத்தை ஒப்பிடும்போதும் கவனம் தேவை. 2023-ல் தீபாவளி நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31. அந்த இரண்டு வருடத்து அக்டோபரையும் அப்படியே ஒப்பிட்டால் கட்டட வேலையால் வியாபாரம் கூடியது என்றே கணக்கு வந்து நிற்கும்! பண்டிகைக்கு முந்தைய முப்பது நாளை முப்பது நாளோடு ஒப்பிடுங்கள்.

நான் பரிந்துரைக்கும் ஏற்பாட்டில் மூன்று நிலைகள். சத்தமும் தூசியும் மட்டும் இருந்தால் சிறிய தள்ளுபடி. முகப்பு சாரத்தால் மறைந்தால் பெரிய தள்ளுபடி. வாசலே அடைபட்டால் அந்த நாள்களுக்கு வாடகை கிடையாது. எவ்வளவு சதவீதம் என்பதை நீங்கள் பேசிக்கொள்ளுங்கள். நிலைகளைப் பிரித்து எழுதிவிட்டால் உரிமையாளருக்கே வாசலைச் சீக்கிரம் திறந்துவிட அக்கறை வரும்.

கேள்வி: என்னிடம் எழுத்து ஒப்பந்தமே இல்லை. அப்பா காலத்திலிருந்து வாய்வார்த்தைதான்.

உடனே எழுதிப் பதிவு செய்யுங்கள். நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் குறித்த 2017-ம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லாததையே காரணம் காட்டி இடத்தைத் திரும்பக் கேட்க அதில் வழி இருக்கிறது. காலி செய்யாமல் செய்ய முடியாத கட்டட வேலை என்பதும் ஒரு காரணம். விரிவாக்கப் பேச்சு காதில் விழுந்த பிறகும் வாய்வார்த்தையை நம்பி இருக்காதீர்கள், அண்ணாச்சி எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

அதே சட்டம் உரிமையாளரையும் கட்டுகிறது. மின்சாரம், தண்ணீர் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்திக் கடைக்காரரை வெளியேற்றப் பார்ப்பது அதன்படி தவறு. இணைப்பு மாற்றும் நாள்களில் சில மணி நேரம் நிற்பது வேறு. அதற்கு மூன்று நாள் முன்பே எழுத்தில் தெரிவித்து, குளிர்பெட்டி வைத்திருக்கும் கடைகளுக்கு ஜெனரேட்டர் கொடுக்க வேண்டும்.

கேள்வி: ஆறு மாதத்துக்கு வேறு இடத்தில் கடை தருகிறோம் என்கிறார்கள். நம்பலாமா?

மூன்று விஷயங்கள் எழுத்தில் இருந்தால் நம்பலாம். திரும்பி வரும் கடையின் எண்ணும் சதுர அடியும் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். திரும்பும் தேதி தவறினால் தற்காலிகக் கடைக்கு வாடகை கிடையாது என்றிருக்க வேண்டும். இடம் மாறும் செலவும், அலமாரி, பெயர்ப்பலகை மறுபடி அமைக்கும் செலவும் யாருடையது என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். கூடவே, தற்காலிகக் கடை பழைய வாசலிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தால் நல்லது. பின்பக்கம் போனால் பாதிப் பேர் "கடையை மூடிவிட்டார்கள் போலிருக்கிறது" என்று திரும்பிவிடுவார்கள்.

கேள்வி: என் தீக் காப்பீடு இதற்கெல்லாம் பணம் தருமா?

வியாபாரக் குறைவுக்குத் தராது. லாப இழப்புக் காப்பீடு எடுத்திருந்தாலும், பொதுவாகத் தீ போன்ற சேதம் நேர்ந்து அதனால் வியாபாரம் நின்றால்தான் அது செல்லுபடியாகும். சாரம் கட்டி முகப்பு மறைந்ததற்குச் செல்லாது. இன்னொன்று: பக்கத்துச் சுவரை உடைக்கிறார்கள் என்பது உங்கள் காப்பீட்டு நிறுவனத்தின் பார்வையில் ஆபத்து மாறிய நிலை. எழுதித் தெரிவித்துவிடுங்கள், பின்னால் இதைச் சாக்காக வைத்துத் தட்டிக்கழிக்க இடம் கொடுக்க வேண்டாம். ஒப்பந்தக்காரரிடம் கட்டட வேலையில் நேரும் சேதங்களுக்கான அனைத்து இடர் காப்பீட்டு பாலிசி இருக்கிறதா, அதில் மூன்றாம் நபர் சேதமும் சுற்றியுள்ள சொத்துக்கான சேதமும் சேர்ந்திருக்கின்றனவா என்று நகல் வாங்கிப் பாருங்கள். "எல்லாம் இருக்கிறது சார்" என்ற பதில் நகல் ஆகாது.

கேள்வி: வாடிக்கையாளர் குறையாமல் இருக்க என்ன செய்வது?

தடுப்புச் சுவரை வெறுமையாக விடாதீர்கள். அதன் மேல் கடைகளின் பெயரையும் அம்புக்குறியையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். வரப்போகும் வளாகத்தின் படத்தை ஒட்டுவது உரிமையாளருக்குப் பெருமை. பாதி விலைக்கு ரவிக்கைத் துணி எங்கே கிடைக்கும் என்பதுதான் வருகிறவருக்குத் தேவை. சாரத்துக்குக் கீழே நடைபாதையில் பலகையும் தகடும் போட்ட உறுதியான பந்தல், நல்ல வெளிச்சம், வழுக்காத தரை. ஒரு வழி மாறும்போது முதல் மூன்று நாள் அங்கே ஓர் ஆளை நிறுத்தி, "வாங்கம்மா, இந்தப் பக்கம்" என்று சொல்ல வையுங்கள். பத்துப் பலகைகள் செய்யாததை அந்த ஒரு குரல் செய்யும்.

கேள்வி: வேலை ஆரம்பித்ததிலிருந்து கடையில் எலித் தொல்லை. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. பழைய சாக்கடையைத் தோண்டினால் அங்கே குடியிருந்தவை வேறு வீடு தேடும். தோண்டுவதற்கு ஒரு வாரம் முன்பே பொறி வைத்து, கடைகளின் குழாய்த் துளைகளைக் கம்பிவலையும் சிமெண்டும் கொண்டு அடைக்க வேண்டும்.

கேள்வி: புதிய பகுதியில் எங்களுக்குப் போட்டியாகக் கடை வருமா?

பெரும்பாலும் வரும். பெரிய துணிக்கடையோ சூப்பர் மார்க்கெட்டோ வந்தால்தான் உரிமையாளருக்கு விரிவாக்கம் கட்டுப்படியாகும். சிறிய கடைக்கு அது கேடாகத்தான் முடியும் என்றும் சொல்ல முடியாது. கூட்டம் எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதைப் பொறுத்தது. புதிய பகுதிக்குச் சாலையிலிருந்து தனி வாசல் வைத்து, வாகன நிறுத்தத்தையும் அதனடியில் வைத்தால், பழைய பகுதி ஒரு வருடத்தில் கோடவுன் ஆகிவிடும். வரைபடம் காட்டும்போது கடைக்காரர் சங்கம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: வண்டியை நிறுத்திவிட்டு வருபவர் எங்களைக் கடந்து போவாரா?

கேள்வி: கட்டடம் முடிந்துவிட்டது, பணி நிறைவுச் சான்றிதழ் மட்டும் வரவில்லை. தீபாவளிக்குள் திறந்துவிடலாமா?

கூடாது. சான்றிதழ் இல்லாமல் திறந்த பகுதியில் ஏதாவது நேர்ந்தால் காப்பீடு கையை விரிக்கும். சீல் வைக்க வந்தால் பொது வாசலும் பொதுப் படிக்கட்டும் சேர்ந்தே அடைபடும், ஒழுங்காக அனுமதி வாங்கி நடக்கும் பழைய கடைகளும் உள்ளே மாட்டிக்கொள்ளும். திறப்பு விழா அழைப்பிதழ் அச்சடித்தாயிற்று என்று ஒருவர் என்னிடம் சொன்னார். தேதியை மட்டும் காலியாக விட்டு அச்சடித்திருக்கலாமே என்றேன். அந்த வருடம் பொங்கலுக்குத்தான் திறந்தார்.